பொய்முடியும் மெய்யான தேவையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், வாலிபர் பகுதியினர் சார்பாக நிகழ்த்தப்பட்ட பேச்சு)

 

மதுரைப் பாண்டியனுக்கு ஒரு நாள் ஓர் ஐயம் பிறந்தது. பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையில் உண்டா, பூவினாலும் பூச்சினாலும் வருகிறதா என்பதே அந்த ஐயம். தீர்த்துவைப்பவருக்கு ஆயிரம் பொன் என்று பொற்கிழியைத் தொங்கவிட்டான். ஏழைத் தருமிக்காகச் சிவபெருமானே பாட்டெழுதிக் கொடுத்ததும், நக்கீரர் குற்றம் கண்டதும், நெற்றிக்கண் திறந்ததும் நீங்கள் அறிந்த கதை. நமது கோயில்களிற் புராண படனம் கேட்டு வளர்ந்த எவரும் அதை மறந்திருக்கமாட்டார்கள். கூந்தலைப் பற்றிய ஒரு கேள்விக்காக ஓர் அரசன் ஆயிரம் பொன் வைத்தான். ஒரு புலவர் தம் உயிரையே பணயம் வைத்தார்.

இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளும் கூந்தலைப் பற்றியதே. நோய் ஒரு பெண்ணின் கூந்தலைப் பறித்துக்கொண்ட பின்னர், அந்தத் தலையை மூடிக்கொள்ள ஆகும் செலவை யார் ஏற்பது? இதுவே எங்கள் கேள்வி. நோயினாலும் மருந்தினாலும் முடியிழந்தவர்களுக்குப் பொய்முடி வாங்கும் செலவைக் காப்புறுதித் திட்டங்களும் தொழிலாளருக்கென அமைந்த நிதிகளும் ஏற்கவேண்டும் என்பது எங்கள் கட்சி.

இதைக் கேட்டதும் சிலர் நகைக்கக்கூடும். "லயத்துக் கூரை ஒழுகுகிறது, பாதை சீரில்லை, பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லை. இந்த இலட்சணத்தில் இவர்களுக்கு டோப்பா ஒரு கேடா?" என்று கேட்கக்கூடும். அந்த நகைப்புக்கு மரியாதையுடன் விடை கூறவே இங்கு நிற்கிறோம்.

முதலில் முடி ஏன் உதிர்கிறது என்று பார்ப்போம். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளிற் பல, உடலில் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தேடி அழிப்பவை. புற்றுநோயின் உயிரணு விரைந்து பெருகுவது. மயிர்க்காலில் உள்ள உயிரணுவும் அப்படியே. மருந்துக்குப் பகைவன் யார், வீட்டுக்காரன் யார் என்று பகுத்தறியத் தெரியாது; இரண்டையும் தாக்குகிறது. மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிதும் பயன்படும் டொக்சோரூபிசின், பக்லிடக்சல் போன்றவை இத்தகையவை. முதல் மருந்து ஏற்றி இரண்டு மூன்று வாரங்களுக்குள் முடி தலையணையிற் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். ஆயினும் தலைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சில வேளைகளில் முளைக்காமலே போவதும் உண்டு.

புற்றுநோய் மட்டுமன்று. நாம் புழுவெட்டு என்று சொல்லும் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிற் புழு இருந்தாலும் அதற்குப் புழு காரணமில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறி மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது அது. ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது. சிலருக்குக் காசளவு வட்டமாக வந்து போகும். சிலருக்குத் தலை முழுவதும், புருவமும் இமை மயிருங்கூடப் போய்விடும். பள்ளிச் சிறுவருக்கும் வரும். இவற்றுடன் தீக்காயமும், லூபஸ் போன்ற நோய்களும் உண்டு. இரத்தச்சோகையாலும் தைரொயிட் கோளாற்றாலும் முடி கொட்டுவது வேறு. அதற்கு மருந்தும் சத்துணவுமே பரிகாரம். அதற்காக நாங்கள் பொய்முடி கேட்கவில்லை.

இனி நமது சப்ரகமுவா மலைகளுக்கு வருவோம். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று நமது தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தேயிலையும் இறப்பரும் கலந்த நாடு இது. விடியுமுன் இறப்பர் மரத்திற் பால் வெட்டப் போகிறவர்களும் பெண்கள். கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்கிறவர்களும் பெண்கள். கொழுந்துக் கூடை எதில் தொங்குகிறது? தோளிலன்று, தலையில். கூடைக் கயிறு உச்சந்தலையிற் படிய, முதுகிற் பாரம் ஏறுகிறது. தலைமயிரும் மடித்த துணியும் அந்தக் கயிற்றுக்கு மெத்தை. மயிர் போன தலையிற் கயிறு நேரே தோலை அறுக்கிறது. வெயில் தோலைச் சுடுகிறது. மழை தோலிலேயே விழுகிறது. பட்டணத்து மாது ஒருத்திக்கு முடி போனால் அது மனத்தின் துயரம். நமது மலைப் பெண்ணுக்கோ அது மனத்தின் துயரமும் தொழிலின் இடையூறும் ஆகிறது.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். முடி கொட்டியதும், பீலித் தண்ணீருக்கு ஊர் எழுமுன் போய் வரத் தொடங்கினார். கோயில் திருவிழாவுக்கு வரவில்லை. சிறிது உடல் தேறியதும் துவாயைத் தலையிற் கட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு வந்தார். பக்கத்து நிரையில் நின்றவர்கள், "எந்தக் கோயிலுக்கு அக்கா நேர்த்தி?" என்று கேட்டார்கள். கேட்டவர்களிடம் வஞ்சகம் இல்லை. "கதிர்காமத்துக்கு" என்றார் அவர். அடுத்த கிழமை வேலைக்கு வரவில்லை. முடி திரும்ப முளைக்கும் வரையில் வரவேயில்லை. அத்தனை நாளும் அவருக்குப் பேர் விழவில்லை. பேர் விழாவிட்டாற் சம்பளம் இல்லை. சேமலாப நிதிக்கும் அந்த நாட்களுக்குப் பணம் சேராது.

அன்பர்களே, சற்றுச் சிந்தியுங்கள். பொய்முடி என்று நாம் ஒரு பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அதை அணியாத அந்த அக்காவைத்தான் நாம் பொய் சொல்ல வைத்தோம்.

நேர்த்திக்கு மொட்டையடித்தவரை நாம் வணங்குகிறோம். நோய்க்கு மொட்டையானவரைக் கண்டாற் கண்ணைத் திருப்பிக்கொள்கிறோம், அல்லது துருவித் துருவிக் கேட்கிறோம். முன்னது தானே கொடுத்தது, பின்னது பறிபோனது. கொடுத்தவருக்குப் பெருமை உண்டு. பறிகொடுத்தவருக்கு என்ன உண்டு? வள்ளுவர் மானத்தைப் பற்றிப் பேசிய அதிகாரத்தில் இரண்டிடங்களில் மயிரையே உவமையாக எடுத்தார். ஓரிடத்திற் கவரிமா வருகிறது. மற்றோரிடத்தில் தலையிலிருந்து வீழ்ந்த மயிர் வருகிறது. நாங்கள் படித்த மிஷன் பாடசாலையிலோ, சிம்சோன் என்ற வீரனின் பலம் அவன் மயிரில் இருந்தது என்ற கதையைச் சொல்லித் தந்தார்கள். எந்தச் சமயத்தாரும், எந்த நாட்டாரும் தலைமயிரை வெறும் அலங்காரமாக நினைத்ததில்லை. முடி உதிரும் என்ற அச்சத்தினால் சிகிச்சையையே மறுக்கும் பெண்கள் சிலர் உண்டென்று மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். உயிர் காக்கும் மருந்துக்கே தடையாக நிற்கும் ஒன்றை அலங்காரம் என்று ஒதுக்குவது எங்ஙனம்?

வெளிநாடுகள் இதை எவ்வாறு கையாளுகின்றன? இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையின் மூலம் பொய்முடி பெறலாம். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கும், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணம் இல்லை. ஏனையோர் ஒரு கட்டணம் செலுத்துகிறார்கள். பிரான்சில் 2019 ஆம் ஆண்டு ஒழுங்குபடி, 350 யூரோ வரையுள்ள சாதாரண வகைப் பொய்முடியின் முழுச் செலவையும் நோய்க் காப்புறுதி ஏற்றது. விலை கூடிய வகைக்கு 250 யூரோ கொடுத்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். மினசோட்டா மாநிலத்திற் காப்புறுதிக் கம்பனிகள் பொய்முடிக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது, அது புழுவெட்டு நோயாளருக்கு மட்டுமே வந்தது. பின்னர் புற்றுநோயாளருக்கும் விரிந்தது. சிறு வாசலைத் திறந்தால் அது பெரிய வாசலாகும் என்பதற்கு இது சான்று.

அதே அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதி பொய்முடிக்குப் பணம் கொடுப்பதில்லை. அதை மாற்றவேண்டும் என்று காங்கிரஸ் சபையில் மசோதா கொண்டுவந்தவர்களுள் ஒருவர் அயானா பிரெஸ்லி என்னும் பெண் உறுப்பினர். அவருக்கே புழுவெட்டு நோயினால் முடி முழுவதும் போய்விட்டது. 2020 ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் தமது வெறுந்தலையை உலகறியக் காட்டினார். அதன் பின்னும், மற்றப் பெண்களுக்குப் பொய்முடி கிடைக்கவேண்டும் என்று வாதாடினார். வெறுந்தலையுடன் நிமிர்ந்து நடக்க விரும்புகிறவர் அப்படியே நடக்கட்டும். மூடிக்கொள்ள விரும்புகிறவருக்கு வழி இருக்கட்டும். தெரிவு அவளுடையது. கையிற் காசில்லாதவளுக்குத் தெரிவு என்று ஒன்று ஏது?

அந்நாட்டு மருத்துவர்கள் காப்புறுதிக்குச் சீட்டெழுதும்போது பொய்முடி என்று எழுதுவதில்லை; தலைக்குரிய செயற்கையுறுப்பு என்று பொருள்படும் பெயரால் எழுதுகிறார்கள். பெயர் மாறியதும் அது கடைச் சாமான் என்ற நிலையிலிருந்து சிகிச்சைச் சாமான் என்ற நிலைக்கு உயர்ந்துவிடுகிறது. நாமோ காலிழந்தவனுக்குச் செயற்கைக் கால் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, முடியிழந்தவளுக்கு மட்டும் "பொய்" என்று முன்னொட்டுப் போடுகிறோம். காப்புறுதிப் பத்திரங்களில் அழகுச் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று ஒரு வாசகம் வழக்கமாக இருக்கும். நோயாளியின் முடி அந்த வாசகத்துக்குள் அகப்படாமற் காப்பதே நமது முதல் வேலை.

இனி ஒரு விந்தையைக் கேளுங்கள். உலகச் சந்தையில் விலைபோகும் மனித முடியில் ஒரு பங்கு நமது கோயில்களிலிருந்தே போகிறது. திருப்பதியில் அடியார்கள் காணிக்கையாக இறக்கும் முடியைத் தேவஸ்தானம் நீளம் பார்த்துத் தரம் பிரித்து ஏலத்தில் விற்கிறது. கோடிக்கணக்கான ரூபா வருமானம் வருகிறது. நீண்ட முடி கடல் கடந்து போய்ச் சுத்தம் செய்யப்பட்டு, வலைத்தொப்பியில் இழை இழையாகக் கோக்கப்பட்டுப் பொய்முடியாகிறது. 2004 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து யூதப் பெண்கள் பலர் தங்கள் விலையுயர்ந்த பொய்முடிகளை வீதியில் இட்டு எரித்தார்கள். அவற்றில் திருப்பதிக் காணிக்கை முடி கலந்திருப்பதால் அணியலாகாது என்று அவர்களுடைய மத குரு ஒருவர் தீர்ப்புக் கூறியதே காரணம். நம்மவர் வேங்கடவனுக்குக் கொடுத்த கூந்தல் எங்கெங்கே போய்ச் சேருகிறது பாருங்கள்! ஐரோப்பாவில் நோயுற்ற ஒரு மாது அதை அணிகிறாள். அவளுடைய காப்புறுதி அதற்குப் பணம் கொடுக்கிறது. நமது மலையில் நோயுற்ற தங்கைக்கு மட்டும் பழந்துவாயா?

இங்கே நமக்கு என்ன வழி? நமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியிற் சிகிச்சை இலவசம். அது பெரும் பேறு. மகரகமவில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு நமது பலாங்கொடை, இரத்தினபுரி பஸ் போகும் வீதியிலேயே போய்ச் சேரலாம். மருந்து கிடைக்கிறது. மருந்து பறித்த முடிக்குத்தான் பொறுப்பாளி இல்லை. 2024 செப்டெம்பரிற் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் ஒரு மாதம் முழுவதும் உழைத்த பணத்தை அப்படியே வைத்தாலும், மனித முடியாற் செய்த நல்ல பொய்முடி வாங்குவது அரிது. செயற்கை இழையாற் செய்தது மலிவு. அதுவும் பல நாட் கூலி.

ஆனால் நமது தொழிலாளருக்கு ஒரு நிதி உண்டு. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தைச் சொல்கிறோம். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதத்தை முதலாளி அதிற் கட்டுகிறார். தொழிலாளியிடம் ஒரு சதமும் பிடிப்பதில்லை. சேமிப்பை மட்டும் அது காப்பதாக நம்மிற் பலர் நினைக்கிறோம். அங்கத்தவர் இறந்தாற் குடும்பத்துக்குக் காப்புறுதிப் பணம் கொடுக்கிறது. இருதய சத்திர சிகிச்சைக்கும், சிறுநீரக மாற்றுக்கும் உதவுகிறது. கண்புரை எடுத்தபின் கண்ணுள் வைக்கும் வில்லைக்கும் உதவுகிறது. இந்தக் கடைசி உதவியைக் கவனியுங்கள். இயற்கை வில்லை போனதும் செயற்கை வில்லை வைக்கப் பணம் தரும் நிதி, இயற்கை முடி போனதும் செயற்கை முடி வைக்கப் பணம் தரலாகாதா? புதுச் சட்டம் ஒன்று தேடி நாம் அலைய வேண்டியதில்லை. இருக்கும் உதவிப் பட்டியலில் ஒரு வரி சேரவேண்டும், அவ்வளவே.

அதேபோல, அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கென 2017 இல் தொடங்கிய சுரக்ஷா காப்புறுதி இருக்கிறது. புழுவெட்டு வந்த சிறுமி, கேலிக்குப் பயந்து வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டால், அவள் இழப்பது முடியை மட்டுமன்று. அவ்விரு திட்டங்களிலும் இதே வரியைக் கேட்போம்.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். "முடி திரும்ப முளைக்குமே" என்பார்கள். முறிந்த காலும் பொருந்தத்தான் செய்கிறது. அதுவரை ஊன்றுகோல் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. "நாகரிகத்துக்கு அணிகிறவர்களும் பணம் கேட்பார்கள்" என்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரின் சான்றிதழ் வேண்டும், ஒரு சிகிச்சைக்கு ஒன்றுதான், இவ்வளவுக்கு மேலில்லை என்று விதி வைத்தால் அந்தக் கதவு அடைபடும். "மருந்துக்கே பணமில்லை" என்பார்கள். இது கனமான வாதம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது மருந்துக்கு நாம் பட்ட பாட்டை மறக்கவில்லை. மருந்துப் பணத்தில் நாங்கள் கை வைக்கச் சொல்லவில்லை. தொழிலாளியின் பேரில் தனியே சேர்ந்திருக்கும் நிதியிலிருந்து, தொழிலாளியை மீண்டும் வேலைக்கு அனுப்பும் ஒரு செலவையே கேட்கிறோம். எல்லோரும் பொய்முடியே கேட்பார்கள் என்பதுமில்லை. வெயிலிலும் வியர்வையிலும் மலையில் நிற்கிறவளுக்கு, உள்ளே பருத்தி வைத்துத் தைத்த நல்ல தலைத்துணி போதுமாக இருக்கலாம். பிள்ளையின் பாடசாலைக்கும் கலியாண வீட்டுக்கும் போக முடி வேண்டியிருக்கலாம். இரண்டையும் அந்த வரி ஏற்கட்டும்.

இனி நம் கடமை. மற்றவரிடம் கேட்குமுன் நாம் என்ன செய்யப்போகிறோம்? நான்கு வேலைகளை இந்தச் சபையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நம்பிக்கைப் பொறுப்பு நிதியச் சபைக்கு நமது சங்கம் ஒரு விண்ணப்பம் எழுதவேண்டும். தோட்டங்களிற் கையொப்பம் சேர்க்கும் வேலையை வாலிபர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். கட்சி வேறுபாடின்றி எல்லாத் தொழிற்சங்கங்களிடமும் அதைக் கொண்டுபோவோம்.

இரண்டாவது, படிவம் நிரப்பும் உதவி. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதற் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. இதை அறியாதோர் நம் லயங்களிற் பலர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் நாங்கள் பேனாவுடன் இருப்போம். நோயாளர்கள் வரலாம், அவர்களுக்காக உறவினர் வரலாம்.

மூன்றாவது, முடிக்கொடை. புற்றுநோயால் வாடுவோருக்குத் துணை நிற்கும் இந்திரா புற்றுநோய் நம்பிக்கை நிதியம் போன்ற அமைப்புகள் நம் நாட்டிற் கொடை முடி பெற்று, நோயாளருக்குப் பொய்முடி வழங்குகின்றன. குழந்தைகளின் மொட்டை முடி அதற்கு உதவாது. நீண்ட சடை வேண்டும். ஒரு பொய்முடிக்குப் பலருடைய சடை வேண்டும். தாய்மார்களே, கோயிலுக்கென்று நேர்ந்து முடி இறக்கும்போது, அதை ஆண்டவன் சந்நிதியில் வைத்து வணங்கிவிட்டு, நோயுற்ற ஒரு சகோதரியின் தலைக்கு அனுப்பினால் நேர்த்தி குறையுமா? பெரியோர்களும் குருக்கள் ஐயா அவர்களும் சொல்லவேண்டும். குறையாது, நிறையும் என்பதே எங்கள் எண்ணம்.

நான்காவது வேலைக்குப் பணமே வேண்டாம். தலையில் துணி கட்டிய ஒருத்தி பிரட்டுக்களத்துக்கு வந்தால், எந்தக் கோயிலுக்கு நேர்த்தி என்று கேளாதிருப்போம். "வாங்க அக்கா, உடம்பு எப்படி?" என்று கேட்போம். அவள் கூடைக் கயிற்றுக்கு இன்னொரு மடிப்புத் துணி வைத்துக் கொடுப்போம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி அமைகிறோம். இது பிச்சையன்று. நமது தாய்மாரும் அக்காமாரும் உழைத்த உழைப்பின் பேரிலே சேர்ந்த நிதி அது. அதிலிருந்து அவர்களுடைய சிகிச்சையின் ஒரு பகுதியைக் கேட்பது உரிமை. அந்த உரிமைக்கான கையொப்பத் தாள் மண்டப வாசலில் மேசைமேல் இருக்கிறது. வெளியே போகும்போது பெரியோர்கள் முதலிற் கையொப்பமிட்டு, எங்களுக்கு வழிகாட்டுமாறு வேண்டுகிறோம்.